எட்டுக்கால் குடித்தனக்காரி

"சார், கண்ணாடியைத் தட்டாதீங்க."

சொன்னது கடைக்காரம்மா. வாங்க வந்தவன் சட்டென்று கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். பாக்கெட்டுக்குள் போன கை சும்மா இருக்குமா? அங்கே கிடந்த சாவிக்கொத்தைக் குலுக்க ஆரம்பித்தது. கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். சாவி நின்றது. இப்போது கால் ஆட ஆரம்பித்தது.

இவனைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வேறு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். ஆனால் அவன் மெக்கானிக்காக இருக்கும் சட்டைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண்கள் ஒரே வாரத்தில் அதைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள். எங்கே ஊசி முறிந்தாலும், எங்கே நூல் சிக்கினாலும் ஓட வேண்டியது அவன் வேலை. கூப்பிட்டால் ஓடுவான். கூப்பிடாவிட்டாலும் ஓடுவான். நன்றாகத் தைத்துக்கொண்டிருக்கிற மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, 'சத்தம் கொஞ்சம் சரியில்லையே' என்று ஒரு திருகைத் திருகிவிட்டுப் போவான். அதற்குப் பிறகு நிஜமாகவே சத்தம் சரியில்லாமல் போகும்.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு முறை மீன் வளர்த்தான். தண்ணீர் மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று மாற்றியே அத்தனையையும் மேலே அனுப்பி வைத்தான். மொட்டைமாடியில் தக்காளி வைத்தான். வேர் பிடித்துவிட்டதா என்று தினம் பிடுங்கிப் பார்த்தான். பிறகு அலுத்துப்போய் அந்தப் பக்கமே போகவில்லை. பிழைத்த ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் காய்க்க வைத்தவள் அவன் மனைவி. ஆரம்பிப்பது இவன், ஒப்பேற்றுவது அவள் என்று அந்த வீட்டில் எழுதாத ஒப்பந்தம்.

அதனால்தான் போன மாதம் அவன் குழந்தைப் பேச்சை எடுத்தபோது அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அவளுக்கு எல்லாம் தெளிவாக இருந்தாக வேண்டும்.

"நாலு நாள் தூக்கி வச்சுக் கொஞ்சுவீங்க. அஞ்சாம் நாள் என் தலையில கட்டிட்டு வேற ஏதாவது பின்னாடி ஓடுவீங்க," என்றாள்.

"சத்தியமா மாட்டேன்."

"உங்க சத்தியத்தை வச்சு ஒரு தக்காளி கூடக் காய்க்கல." பிறகு சொன்னாள்: "ஒண்ணு செய்யுங்க. ஒரு உசுரை ஒரு வருஷம் வளர்த்துக் காட்டுங்க. நான் கை வைக்கமாட்டேன். அது நல்லபடியா இருந்தா, அப்புறம் உக்காந்து பேசலாம்."

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு. தெருவில் யாராவது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். இவ்வளவு வருடமாக எது எதையோ துரத்தியவன், இது ஒன்றைத்தான் மனதார விரும்பினான். என்ன வளர்ப்பது என்று யோசித்தான். நாய் வாங்கினால்? இரண்டே நாளில் அவளே சோறு வைத்து, அவளே நடத்திக்கொண்டு போவாள். பூனையா? அவள் மடியிலேயே குடியேறிவிடும். கிளியா? அவளோடுதான் பேசும். கை வைக்கமாட்டேன் என்று அவள் சொன்னது வாய் வார்த்தை. வாடுகிற உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. அப்படியானால் அவள் கையே வைக்க முடியாத ஒரு ஜந்து வேண்டும். சுவரில் நகத்தளவு சிலந்தி ஒன்று ஊர்ந்தாலே நாற்காலி மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டுகிறவள் அவள். பம்பரத்தின் மூளை கிறுகிறுவென்று சுற்றிக் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்: டாரன்டுலா. உள்ளங்கை அகலத்துக்கு உடம்பெல்லாம் முடியோடு ஒரு சிலந்தி.

இதையெல்லாம் அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே மீன் தொட்டிக் கடை. மாடியில் இவளுடைய கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மண், மண்ணுக்குள் ஒருத்தி அல்லது ஒருத்தன். அவளும் அவன் வயதுக்காரிதான். விற்பதைவிட விற்காமல் அனுப்புவதில் அதிக ஆர்வம் உள்ளவள் போலிருந்தாள்.

"பொண்டாட்டி பயப்படறதால எட்டுக்கால் பூச்சி வாங்க வந்த மொத ஆள் நீங்கதான் சார்."

"அந்த நீலக்காலைக் கொடுங்க மேடம். என்னா வேகம் பாருங்க!"

அது உண்மையில் பார்க்க வேண்டிய காட்சிதான். பெட்டியின் மூலையில் இருந்த நீலக்கால்காரன், கண் சிமிட்டுவதற்குள் மரப்பட்டையின் உச்சியில் இருந்தான். பம்பரத்துக்கு அவனைப் பார்த்தவுடனே சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இவனுக்குக் கோபம் மூக்கு மேல. மூடியைத் திறந்தா உங்க கை வழியாத் தோளுக்கு ஏறிடுவான். கடிச்சா கை வீங்கிக்கிட்டுக் கிடப்பீங்க. நீங்களும் அவனும் ஒரே ரகம். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

"சரி, அந்தச் சின்னது?"

"அது குஞ்சு. நீங்க பக்கத்துல தும்மினாலே காணாமப் போயிடும்."

"இந்த ரோஸ் கலர்?"

"ஆண். வயசுக்கு வந்துட்டான். இனிமே பொண்ணு தேடி அலைஞ்சு அலைஞ்சே செத்துப் போவான். உங்களுக்கு ஒரு வருஷம் வேணும்ல?"

பம்பரம் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இன்னொரு சுற்றும் சுற்றினான். கீழ்த்தட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதில் பழுப்பாக, குண்டாக, சுருட்டை முடியோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவன் வந்ததிலிருந்து அது ஒரு காலைக்கூட அசைக்கவில்லை.

"இது உசுரோட இருக்கா?"

"இருக்கா. உங்களை மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் அதை நிரூபிச்சுக்கிட்டு இருக்கமாட்டா, அவ்வளவுதான்."

"பொம்பளையா?"

"பொம்பளை. சாதுவானவ. மொதல் தடவை வளர்க்கறவங்களுக்கு இவதான் சரி. இருபது வருஷம் இருப்பா."

இருபது வருஷம் என்றதும் அவன் ஓரடி பின்வாங்கினான். அவன் இதுவரை எதையும் இருபது வாரம் வைத்திருந்ததில்லை. "இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். தெருமுனை வரை நடந்தான். ஒரு டீயை வாங்கிப் பாதி குடித்துவிட்டு வைத்தான். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தான். ஒரு வருஷத்துக்கே வழியில்லை, இருபதுக்கு எங்கே போவது? ஆனால் பிள்ளை பெற்றால் அது மட்டும் என்ன, வருஷக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிற சாமானா? அந்த எண்ணம் வந்ததும் காது மடல் சூடாகிவிட்டது. விறுவிறுவென்று திரும்பி வந்து மாடி ஏறினான்.

"அவளையே கொடுங்க."

கடைக்காரம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு கரப்பான் குஞ்சு, அதுவும் அவளே தருகிற சுத்தமான கரப்பான். ஒரு மூடியில் தண்ணீர். உயரத்தில் வைக்கக் கூடாது, விழுந்தால் வயிறு வெடித்துவிடும்.

"அப்புறம், சட்டை கழட்டுவா."

"சட்டையா?"

"பாம்பு சட்டை உரிக்கும்ல, அதே மாதிரி. அதுக்கு முன்னாடி சாப்பாட்டை நிறுத்திடுவா. பயப்படாதீங்க. ஒரு நாள் மல்லாந்து படுத்துடுவா, காலெல்லாம் மேல பாத்துக்கிட்டு. செத்துட்டான்னு நினைச்சுத் தொட்டுடாதீங்க. தொட்டா நிஜமாவே செத்துடுவா. செத்தா குப்புறத்தான் கிடப்பா, காலை உள்ளே மடக்கிக்கிட்டு. சட்டை கழட்டற நேரம் பாத்து உள்ளே கரப்பான் இருக்கக்கூடாது. உடம்பு அப்ப வெண்ணெய் மாதிரி இருக்கும். கடிச்சு வச்சுடும்."

"சரி. மத்த நேரம் நான் என்ன செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா சார்."

பம்பரத்துக்கு அர்த்தம் தெரியாத சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. மனைவி நாற்காலி மேல் ஏறினாள். அங்கிருந்தபடியே சட்டம் போட்டாள். அது இஸ்திரி போடுகிற சின்ன அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அதன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. அது என்ன தின்கிறது, எப்படித் தின்கிறது, எங்கே போகிறது, என்ன கழட்டுகிறது, எதுவும் அவள் காதில் விழக்கூடாது.

"அப்ப அவளைப் பத்திப் பேசணும்னா என்னன்னு சொல்றது?"

"எதுக்குப் பேசணும்?" யோசித்தாள். "வாடகை தராத குடித்தனக்காரின்னு வச்சுக்குங்க."

பிறகு நாற்காலியிலிருந்து இறங்காமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நான் தொட முடியாததாப் பாத்து வாங்கியிருக்கீங்க. வேணும்னேதானே?"

"வேணும்னேதான்."

அவள் அவனையே பார்த்தாள். கடையில் கண் பரிசோதிக்கும்போது பார்க்கிற பார்வை. "சரி," என்று மட்டும் சொன்னாள்.

குடித்தனக்காரி ஒரு தொல்லையும் தரவில்லை. தொல்லையெல்லாம் வீட்டுக்காரனால்தான். வெளிச்சம் போதவில்லை என்று பெட்டியை ஜன்னல் பக்கம் வைத்தான். வெயில் அதிகம் என்று கதவுப் பக்கம் வைத்தான். மண் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பின்னங்காலால் தன் வயிற்றின் மேற்புறத்தைத் தேய்த்து, பட்டால் அரிக்கிற முடியை ஒரு பிடி காற்றில் விட்டாள். அன்று முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டே மெஷின் மெஷினாக ஓடினான் பம்பரம். கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டால், "சும்மா இருங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று வைத்துவிட்டாள்.

அரிப்பு நிற்பதற்குள் கொஞ்சம் புத்தியும் வந்தது. பெட்டியைத் தொடாமல், எதிரே தரையில் உட்கார்ந்து பார்க்கப் பழகினான். முதலில் ஒரு நிமிடம் தாங்கவில்லை. எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்காருவான். பிறகு அவளோடு பேச ஆரம்பித்தான்: தொழிற்சாலையில் எந்த மெஷின் மக்கர் செய்கிறது, சூப்பர்வைசர் யாரைத் திட்டினார். பதில் சொல்லாத ஆளிடம் பேசுவது அவனுக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் பயம் போகவில்லை. இவள் செத்தால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு அவனை எங்கேயும் நிற்க விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் சாப்பாட்டை நிறுத்தினாள்.

கரப்பானைப் போட்டால் ஒதுங்கிப் போனாள். எடுத்துவிட்டு மறுவாரம் போட்டான், அதே ஒதுக்கல். வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாம் கடைக்காரம்மா சொன்ன லட்சணம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது, மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஐம்பது பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற கூடத்தில், போனில் கத்தினான்:

"இன்னும் சட்டையைக் கழட்டல மேடம்! மல்லாந்தும் படுக்கல! நானும் தினம் பாத்துக்கிட்டே இருக்கேன்!"

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. காலர் தைக்கிற அக்கா ஒருத்தி எழுந்து வந்து, "தம்பி, வீட்ல தங்கச்சிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு முழுக் கதையையும் சொன்னான். அன்றிலிருந்து அவன் உள்ளே நுழையும்போதெல்லாம், "பம்பரம், சட்டை கழட்டியாச்சா?" என்று வரிசைக்கு வரிசை குரல் வரும். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற இடத்தில் இதைவிட நல்ல வேடிக்கை வேறென்ன வேண்டும்?

ஆக, சிலந்தி சட்டை கழட்டும், அப்போது செத்த மாதிரி மல்லாந்து கிடக்கும் என்பது அந்தத் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் அவன் மனைவி. காதில் விழக்கூடாது என்று சட்டம் போட்டவள் அவள். ஒரு தடவையாவது ஒரு சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்துக் காட்டுவோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் இவன்.

இன்னும் ஒரு தப்பும் செய்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது, இன்றைக்காவது தின்னமாட்டாளா என்ற ஆசையில் ஒரு கரப்பானை உள்ளே போட்டான். அது மண்ணுக்குள் புகுந்து மறைந்தது. எடுக்கலாம் என்றால் மண்ணைக் கிளற வேண்டும், கிளறினால் அவள் கலவரப்படுவாள், பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

அன்று துணி வந்து சேரவில்லை என்று மத்தியானமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவிக்கும் அன்று வார விடுமுறை. இரண்டு பேரும் பகலில் சேர்ந்து இருப்பது அபூர்வம் என்று சந்தோஷமாகத்தான் வந்தான்.

வாசலில் அவள் செருப்பு இல்லை. கூப்பிட்டான், பதில் இல்லை. போன் போட்டான்; சமையலறை மேடை மேல் அவள் போன் அடித்தது. போனை விட்டுவிட்டு அவள் எங்கேயும் போகிறவள் அல்ல. அறைக்கு வந்தான். பீரோ மேல் இருக்கும் ஊருக்குப் போகிற பெரிய பை இல்லை. அப்புறம்தான் இஸ்திரி அறைக் கதவு திறந்திருப்பதைக் கவனித்தான்.

குடித்தனக்காரி மல்லாந்து கிடந்தாள். எட்டுக் காலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

கடைக்காரம்மா சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. பார்த்தவுடன் அவனுக்கு அது புரிந்துவிட்டது. அதைவிட வேகமாக இன்னொன்றும் புரிந்தது. மனைவி பார்த்துவிட்டாள். கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள், செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள், இவன் இதற்கும் லாயக்கில்லை என்று முடிவு கட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, அவனோடு பேசவே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.  ஓட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கையைப் பிடித்து, 'சாகலடி, சட்டைதான் கழட்டறா' என்று சொல்ல வேண்டும். செருப்புக்குள் ஒரு காலை விட்டுவிட்டான்.

அப்போது திறந்திருந்த கதவு வழியாகப் பெட்டிக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. திரும்பி வந்து எட்டிப் பார்த்தான். மண்ணிலிருந்து கரப்பான் வெளியே வந்திருந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தவளை நோக்கி நடந்தது. அவள் பக்கவாட்டில் தோல் பிளந்திருந்தது. உள்ளே வெளிறின புது உடம்பு, தொட்டால் குழைந்துவிடும் போல.

பம்பரம் செருப்பை உதறினான். வேலைக்குக் கொண்டுபோகிற பையில் ஒரு நீளமான இடுக்கி உண்டு, மெஷினுக்குள் முறிந்து விழும் ஊசித் துண்டை எடுக்கிற இடுக்கி. அதை எடுத்துக்கொண்டு வந்து மூடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். கரப்பான் அதற்குள் அவள் காலடியில் போய் நின்றுகொண்டது. இப்போது இடுக்கியை நீட்டினால் அவள் மேல் படும். பெட்டி கொஞ்சம் ஆடினாலும் அவளுக்கு ஆபத்து. அது நகர்ந்து ஓரத்துக்கு வந்தால்தான் எடுக்க முடியும். வருமா, எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

உட்கார்ந்தான். சம்மணம் போட்டு, இடுக்கியைப் பிடித்த கையைப் பெட்டி விளிம்புக்கு மேலே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தான். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. மனைவி ஏறின பஸ்ஸாக இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போ, போ என்று உடம்பில் ஒவ்வொரு நரம்பும் பிடுங்கியது. முழங்கால் ஆடப் பார்த்தது; இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மூக்கு அரித்தது, விட்டுவிட்டான். அவள் போய்விட்டாள், தான் இங்கே ஒரு பூச்சிக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் தோள் குலுங்கும் என்று அதையும் அடக்கினான்.

கரப்பான் அவள் காலை மீசையால் தடவியது. பிறகு என்ன தோன்றிற்றோ, திரும்பித் தண்ணீர் மூடியின் பக்கம் வந்தது. அவன் கை இறங்கியது. இடுக்கி ஒரு தடவைதான் மூடியது. கரப்பான் வெளியே வந்துவிட்டது.

வேலை முடிந்தது, ஓடலாம். ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. மூடியை வைத்துவிட்டு அப்படியே இருந்தான். அவள் மெல்ல மெல்ல ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை இழுப்பது போல இழுத்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்கியதும், அறை மங்கியதும் அவனுக்குத் தெரியாது.

வாசற்கதவு திறந்தது.

மனைவி பெரிய பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். இஸ்திரி அறை வாசலுக்கு வந்து, உள்ளே அவனைப் பார்த்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்களா?"

"துணி வரல, அனுப்பிட்டாங்க. எங்க போயிருந்த?"

"சும்மா... கடை வரைக்கும்."

"நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிட்டன்னு நினைச்சேன்."

"அங்க எதுக்குப் போகப் போறேன்?" அவள் கண் பெட்டிப் பக்கம் போனது. போன கண் விரிந்தது. "ஐயோ, ரெண்டு இருக்கு!"

"ஒண்ணு அவ. இன்னொண்ணு அவ சட்டை."

"சட்டையா?"

"தோலை உரிச்சிருக்கா. பாம்பு மாதிரி. உரிக்கும்போது மல்லாந்துதான் கிடப்பா. சாகல. நீ காதுல விழக்கூடாதுன்னு சொன்னியா, அதான் சொல்லல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். பை மடியில் இருந்தது. "சாகலையா? நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பம்பரத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. சாகாததற்கா அழுகை?

"பையில என்ன?"

ஜிப்பைத் திறந்து காட்டினாள். உள்ளே துணி இல்லை. அவன் மாடிக் கடையில் வாங்கின அதே மாதிரிப் பெட்டி. அதே மாதிரி மண். மண் மேல் பழுப்பாக, குண்டாக, சுருட்டை முடியோடு ஒன்று.

"செத்துட்டான்னு நினைச்சேன். நீங்க வர்றதுக்குள்ள மாத்தி வச்சுடலாம்னு, போனைக்கூட மறந்துட்டு நீங்க வாங்கின கடைக்கே ஓடினேன்," என்றாள். "கடைக்காரம்மாகிட்ட செத்துடுச்சுன்னு சொல்லல. சொன்னா உங்ககிட்ட சொல்லிடுவாங்க. உங்க பேரைச் சொல்லி, இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னு மட்டும் கேட்டேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

"எப்படித் தூக்கிட்டு வந்த?"

"மடியில வச்சுத்தான். பஸ்ல. பக்கத்து சீட்டு அம்மா கேக்கான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். உள்ளே அது நகர்ந்தப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டேன்."

"எடுத்து மாத்தியிருப்பியா? உன் கையாலயா?"

"தெரியல. தோசைக் கரண்டியால முடியுமான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது மல்லாந்து கிடக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ இந்தப் பக்கமே வரமாட்டியே."

"நீங்க வேலைக்குப் போனதும் தினம் வந்து பாப்பேன். இந்த வாசற்படியில நின்னு. உசுரோட இருக்கான்னு பாத்துட்டுப் போவேன்."

"நான் தோத்துடுவேன்னு பாக்கவா?"

"நீங்க தோத்தா உங்களோட போயிடுமா?" என்று சீறினாள். "எனக்கும் இல்லன்னு ஆயிடும்ல? எனக்கு வேண்டாம்னு யாரு சொன்னா? பயமா இருந்துச்சு, அதான் அப்படி ஒரு கண்டிஷன் போட்டேன். போட்ட நாள்லேர்ந்து நீங்க ஜெயிக்கணுமேன்னு எனக்குத்தான் உசுரு போகுது."

 அந்த வீட்டில் குழந்தைக்காக ஏங்குவது தான் ஒருவன் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மார்க் போடுகிறவள் என்று நினைத்திருந்தான். ஒரே நிமிடத்தில் எல்லாம் தலைகீழானது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"மொதல்ல வந்து இதை என் மடியிலேர்ந்து எடுங்க," என்றாள் அவள். "கீழ போட்டுடுவேன்."

அவன் எழப் பார்த்தான். முடியவில்லை. மறுபடியும் பார்த்தான்.

"எந்திரிக்க முடியல. ரெண்டு காலும் மரத்துப் போச்சு."

"உங்களுக்கா?"

"மத்தியானத்துலேர்ந்து இங்கேயேதான் உக்காந்திருக்கேன்."

அவள் நம்பவில்லை. அவன் காலைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த இடுக்கியைப் பார்த்தாள். பெட்டிக்குள் தன் பழைய சட்டைக்குப் பக்கத்தில் களைத்துப் போய்க் கிடந்தவளைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிலந்தி வந்த நாளிலிருந்து தாண்டாத வாசற்படியைத் தாண்டி, அடி மேல் அடி வைத்து வந்து, பெட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். 

"கடைக்காரம்மா ஆண் வேணுமா, பொண்ணு வேணுமான்னு கேட்டாங்க," என்றாள் அவள்.

"நீ என்ன சொன்ன?"

"எதுவா இருந்தாலும் சரின்னு சொன்னேன்."